செவ்வாய்க்கிழமையே காட்டினேன்

தேயிலைக்கு விலை விழுந்த இரண்டாவது வருஷம் அது. கூடலூரை அடுத்த ஓவேலிப் பக்கம் ஆனி பிறக்கும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. மழைக்குக் கொழுந்து நுரைத்துக்கொண்டு வரும். மற்ற வருஷங்களில் அந்த மாதம் பெண்களுக்கு நிமிர்ந்து மூச்சு விட நேரமிருக்காது. இந்தத் தடவை எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. எடுக்க ஆளில்லாத கொழுந்து செடியிலேயே முற்றியது. இடுப்பளவு நின்ற செடிகள் ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தன. வேலைக்குச் சங்கு ஊதாத காலைகளில், லயம் என்கிற வரிசை வீடுகளின் சனங்கள் கறுப்புத் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு வாசலில் குந்தி, மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களில் பாதிப் பேர் திருப்பூருக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் கர்நாடக எல்லைக்குள் இஞ்சிக்காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

மூன்றாம் டிவிஷன் சசிதரனும் இஞ்சிக்காட்டில்தான் இருந்தான். லயத்து வீட்டில் அவன் மனைவி தெய்வம்மாவும், பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத பெண்குழந்தையும், அவனுடைய அக்கா அன்னக்கிளியும் இருந்தார்கள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது அன்னக்கிளிக்குப் பன்னிரண்டு வயது, தம்பி இடுப்புக் குழந்தை. ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு அவள்தான் அவனை வளர்த்தாள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் திரும்பி வந்தவள், பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை பார்த்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது.

அந்தப் பிள்ளைக் காம்பராவும் அதை ஒட்டிய எஸ்டேட் ஆஸ்பத்திரியும் நர்ஸ் மெட்டில்டாவின் பொறுப்பு. கோத்தகிரிக்காரர். ஆஸ்பத்திரிக்கு முன்பு ஒரு டாக்டர் உண்டு, தனி ஜீப்பும் உண்டு. விலை விழுந்ததும் கம்பெனி முதலில் டாக்டரை நிறுத்தியது, பிறகு ஜீப்பைப் பேக்டரிக்கு எடுத்துக்கொண்டது. மெட்டில்டா மட்டும் மிஞ்சினார்.

தெய்வம்மாவுக்கு அவர் வெறும் நர்ஸ் இல்லை. தாய் முகம் நினைவில்லாமல் வளர்ந்தவள் தெய்வம்மா. வயிற்றில் தங்கிய இரண்டு பிள்ளைகள் அரைகுறையில் கலைந்துபோயிருந்தன. மூன்றாவது தரித்தபோது மெட்டில்டா பீல்டு ஆபீசரிடம் சண்டை போட்டு, அவளை மலையேற விடாமல் நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார். சாயங்காலம் லயத்துப் பக்கம் வரும்போதெல்லாம் அவள் கணுக்காலை விரலால் அழுத்தி, நீர் வைத்திருக்கிறதா என்று பார்ப்பார். பிள்ளையும் அவர் கையில்தான் பிறந்தது. தெய்வம்மா வாயில் எதற்கெடுத்தாலும், "சிஸ்டரம்மா அப்படித்தான் சொன்னாங்க" என்பதே பேச்சாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தை பால் குடித்துவிட்டு வாந்தி எடுத்தது. பால் கக்குவது புதிதில்லை. ஆனால் இது பச்சையாக இருந்தது. கொத்தமல்லித் தழையை அரைத்துப் பிழிந்த சாறு போல அடர்ந்த பச்சை.

"அண்ணி, இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள் தெய்வம்மா.

அன்னக்கிளி ரொட்டிக்கு மாவு பிசைந்த கையோடு வந்து குனிந்து பார்த்தாள். "நேத்து நீ மருந்துக் கொழம்பு சாப்புட்டியே, அது பால்ல எறங்கியிருக்கும். வசம்பு சுட்டு நாக்குல தடவுறேன் இரு."

வசம்பு தடவிய சற்று நேரத்தில் மறுபடியும் வந்தது. அதே பச்சை. குழந்தை காலை மடக்கி மடக்கி வீரிட்டது.

"எனக்கு மனசு சரியில்லீங்க. சிஸ்டரம்மாகிட்டக் காட்டிட்டு வந்துரலாம்."

"பச்ச ஒடம்போட மழையில எறங்கப் போறியா?"

"நீங்களும் வாங்க."

வாந்தி பட்ட துணியையும் எடுத்துக்கொண்டார்கள். குழந்தையைக் கம்பளியில் சுற்றி, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படங்கை அதற்கு மேல் போர்த்தி, குடைக்குள் ஒண்டிக்கொண்டு இருவரும் இறக்கத்தில் இறங்கினார்கள்.

மெட்டில்டா துணியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். அவர் முகம் மாறியதைத் தெய்வம்மா கண்டாள். குழந்தையின் வயிற்றில் மெதுவாகக் கை வைத்து அழுத்தினார். "எப்பலருந்து?" என்று கேட்டார். "காலையிலருந்துங்க, ரெண்டு தடவ" என்றாள் தெய்வம்மா. "இங்கேயே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். டெலிபோன் அங்கேதான் இருந்தது. தகரக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் அவர் பேசியது காதில் விழவில்லை. பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஒரு கட்டத்தில் குரல் உயர்ந்தது. பிறகு அடங்கிவிட்டது.

திரும்பி வந்ததும் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினார்.

"ஒண்ணும் இல்ல தெய்வம்மா. பால் செரிக்கல. சொட்டு மருந்து தர்றேன். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடு."

"பச்சையா வருதுங்களே?"

"சில புள்ளைங்களுக்கு அப்படி வரும்."

"கூடலூருக்குக் கொண்டுபோய்க் காட்டிரட்டுங்களா? பதினோரு மணி பஸ்ஸு இருக்குது."

மெட்டில்டா சொட்டு மருந்துப் புட்டியைத் தேடுவதுபோல் அலமாரிப் பக்கம் திரும்பினார். "இந்த மழையில பச்சக் கொழந்தையத் தூக்கிட்டு பஸ்ஸுல அலைவியா? சளி புடிச்சா என்ன பண்ணுவ? எனக்குத் தெரியாதா?"

 அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்தாள். சாயங்காலம் குழந்தை பாலை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியது. அவளும் தூங்கினாள்.

புதன்கிழமை மறுபடியும் ஒரு தடவை பச்சையாக எடுத்தது. பிள்ளைக் காம்பராவுக்கு வேலைக்குப் போன அன்னக்கிளி, மத்தியானம் வந்து, "சிஸ்டருகிட்டச் சொன்னேன். அதே சொட்டு மருந்தக் குடுக்கச் சொல்லிச்சு" என்றாள்.

வியாழக்கிழமை விடியும்போது குழந்தை அழவில்லை. பாலுக்கு வாய் திறக்கவில்லை. வயிறு உப்பி, தொட்டால் பலகைபோல் இருந்தது. துணியை மாற்றப் பிரித்த தெய்வம்மா ரத்தத்தைக் கண்டு அலறினாள். பெயர் வைக்கும் நாளுக்கென்று லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய சசிதரன், லயத்துப் படியில் கால் வைத்தபோது கேட்டது அந்த அலறல்தான். கையில் இருந்த பையை அப்படியே போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான்.

மெட்டில்டா ஒரு தடவைதான் பார்த்தார். குடைகூட எடுக்காமல் மழையில் பேக்டரிக்கு ஓடினார். தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப்பை வழியில் மறித்து நின்று, "பெட்டிய எறக்கு, இல்லாட்டி என் மேல ஏத்திட்டுப் போ" என்று கத்தினார். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை சேறு தெறித்த வெள்ளைச் சேலையோடு ஜீப்புக்கு முன்னால் நின்றதைப் பேக்டரி ஆட்கள் எல்லாருமே பார்த்தார்கள்.

கூடலூர் ஆஸ்பத்திரியில் குழந்தையின் மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்த பச்சையை இழுத்து எடுத்தார்கள். கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "இது ஆபரேஷன் கேஸ். இங்க முடியாது. எங்கேயும் நிக்காம கோயம்புத்தூர் போங்க" என்று அந்த டாக்டர் சொன்னார்.

நடுவட்டம் ஏறும்போது மேகம் ரோட்டில் படுத்திருந்தது. டிரைவர் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஓட்டினார். பைக்காரா, ஊட்டி, குன்னூர் எல்லாம் கண்ணாடிக்கு வெளியே நனைந்த நிழல்களாகக் கடந்துபோயின. மெட்டில்டா குளுக்கோஸ் புட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி வந்தார். கை வலிக்கும்போது மறு கைக்கு மாற்றிக்கொண்டார். வாய் ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தது. "நான் புடிக்கிறேன், குடுங்க" என்று சசிதரன் கேட்டபோதும் கொடுக்கவில்லை. தெய்வம்மா அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பெற்ற தாய் இருந்தால்கூட இப்படி வந்திருப்பாளா என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றியது.

பர்லியாறு தாண்டி மேட்டுப்பாளையத்துச் சமவெளியில் இறங்கியபோது மழை நின்று வெயில் அடித்தது.

கோயம்புத்தூரில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர், எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு அவர்களை வெளித் தாழ்வாரத்தில் நிற்க வைத்துப் பேசினார்.

"வயித்துக்குள்ள குடல் அது அது எடத்துல ஒட்டிட்டு இருக்கணும். இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே அப்படி ஒட்டல. அதனால துணியப் பிழியற மாதிரி முறுக்கிக்கிச்சு. முறுக்கினா ரத்தம் போகாது. ரத்தம் போகாத குடல் செத்துடும். இப்பவே வயித்தத் தெறந்து முறுக்க அவுக்கணும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு தெறந்தாத்தான் தெரியும்." பேசிக்கொண்டே கையுறையைக் கழற்றினார். "எப்போலருந்தும்மா பச்சையா வாந்தி?"

"செவ்வாக்கெழம காலையிலருந்துங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னிக்கு வியாழன்! பொறந்த குழந்தை பச்சையா வாந்தி எடுத்தா அன்னிக்கே ஓடி வர வேணாமா? முதல் நாளே வந்திருந்தா முறுக்க மட்டும் அவுத்துவிட்டு அனுப்பியிருப்பேன். வீட்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ணிட்டு இருந்தீங்க? யார்கிட்டயும் காட்டலையா?"

தெய்வம்மா மெட்டில்டாவைப் பார்த்தாள். பயந்து பார்க்கவில்லை. அவர் எடுத்துச் சொல்லிவிடுவார் என்றுதான் பார்த்தாள். படித்தவர், டாக்டருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரிந்தவர்.

டாக்டரும் அந்தப் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நீங்க எஸ்டேட் நர்ஸ்தானே? உங்ககிட்ட எப்போ கொண்டுவந்தாங்க?"

மெட்டில்டா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"இன்னிக்குக் காலையிலதான் டாக்டர். பாத்த ஒடனே ஜீப் புடிச்சுக் கூட்டியாந்துட்டேன்."

காதில் தவறாக விழுந்ததோ என்று தெய்வம்மா நினைத்தாள். "சிஸ்டரம்மா" என்றாள். அது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. டாக்டர் அவளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மெட்டில்டா சுவர்ப் பக்கம் திரும்பி மறுபடியும் ஜெபம் பண்ணத் தொடங்கினார்.

சசிதரன் அவள் அருகே வந்தான். "செவ்வாக்கெழமயிலருந்தா?" என்றான். கேட்ட குரல் அவனுடையது போலவே இல்லை. "ரெண்டு நாளா என்னா பண்ணிக்கிட்டிருந்த புள்ள?"

"சிஸ்டரம்மாகிட்டக் காட்டினேங்க. செவ்வாக்கெழமயே காட்டினேன்."

அவன் மெட்டில்டாவின் முதுகைப் பார்த்தான். சேறு காய்ந்த சேலை, நாளெல்லாம் புட்டியைத் தூக்கிப் பிடித்து ஓய்ந்த கை. பிறகு தெய்வம்மாவைப் பார்த்தான். எட்டப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

குழந்தை பிழைத்தது. குடலில் கறுத்துப்போன பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மீதியின் நுனியை வயிற்றின் மேல் வெளியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மலம் ஒரு பையில் இறங்கியது. சில மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன் செய்து உள்ளே சேர்ப்போம் என்றார்கள். நீளம் குறைந்த குடல் என்பதால் குடித்த பால் உடம்பில் ஒட்டாது, எடை மெதுவாகத்தான் ஏறும், பல வருஷம் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். தெய்வம்மா பையைக் கழற்றவும், தோல் புண்ணாகாமல் துடைக்கவும், புதுப்பை ஒட்டவும் கற்றுக்கொண்டாள். வார்டில் மற்ற தாய்மாரோடு தரையில் படுத்துக் கிடந்தாள். மெட்டில்டா மறுநாளே ஊருக்குப் போய்விட்டிருந்தார்.

அவள் குழந்தையோடு லயத்துக்குத் திரும்பும் முன்பே கதை திரும்பியிருந்தது. மெட்டில்டா ஜீப்பை மறித்த கதையைத் தண்ணீர்க் குழாயடியில், கொழுந்து நிறுக்குமிடத்தில், கூடலூர் பஸ்ஸில் எல்லாம் சொன்னார்கள். சிஸ்டர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை போயிருக்கும் என்றார்கள். பிறகு குரலைத் தணித்து மற்றதைச் சொன்னார்கள்: ரெண்டு நாளாப் பச்சையா எடுத்திருக்குது, பெத்தவ வசம்பைத் தடவிட்டுப் படுத்துக் கெடந்திருக்கா.

தெய்வம்மா முதலில் எல்லாரிடமும் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருத்தி, "ஒங்கொழந்தையக் காப்பாத்துன மகராசியப் பத்தி இப்படிப் பேசாத புள்ள, வாய் வெந்துரும்" என்றாள்.

சசிதரனிடம் மறுபடியும் சொன்னாள். "அண்ணியும் கூடத்தான் வந்தாங்க. கேட்டுப் பாருங்க."

"சிஸ்டரு எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றான் அவன். "மழையில ஓடிப்போய் ஜீப்புக்கு முன்னால நின்னது அதுதானே? நீயா நின்ன?"

அக்காவை அவன் கேட்கவில்லை. அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் பீடியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். வீட்டில் மூன்று பேரும் ஒரே அடுப்பில் சுட்ட ரொட்டியைத் தின்றார்கள். குழந்தையின் பையை மாற்றும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அது அருவருப்பு இல்லை, தெய்வம்மாவின் மேல் உள்ள கோபம் என்று அவளுக்குத் தெரியும்.

அன்னக்கிளி தனியாக இருந்தபோது தெய்வம்மா அவள் காலடியில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க அண்ணி. உங்க தம்பிகிட்ட மட்டும் சொன்னாப் போதும்."

"சொன்னா அவன் அடக்கமாட்டாம சிஸ்டருகிட்டச் சண்டைக்குப் போவான். அப்புறம் பிள்ளைக் காம்பராவுல என்ன வெச்சிருப்பாங்களா? எனக்கு மலையேற ஏலாது புள்ள, மூட்டு புடிச்சுக்கிச்சு. அவனும் இஞ்சிக்காட்ட விட்டுட்டான்." அன்னக்கிளி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேசினாள். "ஒம்புள்ளதான் பொழச்சிருச்சே. அத நெனச்சுக்க."

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து, பை எடுக்கப்பட்டு, குழந்தை கையைக் காலை ஆட்டிச் சிரிக்கத் தொடங்கியபோது பனிக்காலம் வந்துவிட்டது. தேயிலை விலை ஏறவில்லை. ஆஸ்பத்திரியையும் பிள்ளைக் காம்பராவையும் மூடப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. சங்கம் எதிர்த்தது. லேபர் ஆபீசர் நேரில் வந்து விசாரிப்பதாக ஏற்பாடு.

சங்கத் தலைவர் அழகர்சாமி தெய்வம்மாவைத் தேடி வந்தார். "நாளைக்கு நீ புள்ளையோட வந்து நிக்கணும் தாயி. எஸ்டேட் ஆஸ்பத்திரி இருந்ததாலதான், சிஸ்டர் இருந்ததாலதான் இந்த உசுரு தப்பிச்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அதுக்கு மேல எந்த ஆபீசரும் பேசமாட்டாரு."

"நடந்ததச் சொல்றேங்க" என்றாள் தெய்வம்மா. அழகர்சாமி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்.

அவர் போன சிறிது நேரத்தில் மெட்டில்டா வந்தார். அன்னக்கிளி வேலைக்குப் போயிருந்தாள். சசிதரன் விறகுக்குப் போயிருந்தான். கோயம்புத்தூருக்குப் பிறகு அவர் இந்த வாசலை மிதித்தது அன்றுதான். வெயிலில் படுக்க வைத்திருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வயிற்றில் குறுக்கே ஓடிய தழும்பைத் தொடப் போனவர், கையை இழுத்துக்கொண்டார்.

"அழகர்சாமி வந்துட்டுப் போனாரா?"

"வந்தாருங்க."

"என்ன சொல்லப்போற?"

"நீங்க அன்னிக்கு யாருகிட்டங்க போன்ல பேசுனீங்க?"

மெட்டில்டா வாசல்படியில் உட்கார்ந்தார். 

"மேனேஜர்கிட்ட. ஜீப் கேட்டேன். புள்ளைக்குக் குடல் முறுக்கா இருக்கும், ஒடனே கொண்டுபோகணும்னு சொன்னேன். பேங்க்காரங்க வர்றாங்க, ஜீப் கெடையாதுன்னாரு. இனிமே தொட்டதுக்கெல்லாம் ஜீப் கேட்டா மறுநாளே ஆஸ்பத்திரியப் பூட்டிருவேன்னாரு."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது."

"சந்தேகம்தான் தெய்வம்மா. ஒரு வேளை தானா அடங்கிரும்னு... சாயங்காலம் அடங்கிருச்சே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்."

"ஜீப்பு இல்லாட்டிப் போகுது. பஸ்ஸுக்குப் போறேன்னு கேட்டனே. அதையும் வேணாமுன்னீங்களே."

மெட்டில்டா குழந்தையைப் பார்த்தபடி சொன்னார். "நீ பஸ்ஸுல கொண்டுபோய், புள்ளைக்கு வழியில ஒண்ணு ஆகியிருந்தா, எஸ்டேட் நர்ஸ் பாத்துட்டு பஸ்ஸுல அனுப்பிச்சான்னு என் தலைமேல வந்திருக்கும். பயந்துட்டேன்."

தெய்வம்மா குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். "பயந்ததுகூடப் போகட்டும். டாக்டர் கேட்டாருல்ல, அப்ப எதுக்கு என்மேல போட்டீங்க? நான் உங்க மூஞ்சியத்தாம் பாத்துட்டு நின்னேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு நின்னேன். எங்க ஊட்டுல அவரு இன்னும் எங்கிட்டச் சரியாப் பேசறதில்லீங்க."

மெட்டில்டா அழுதார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்தார். "நான் என்ன செய்யணும்? சொல்லு."

"நாளைக்கு எல்லார் முன்னாலயும் இதச் சொல்லுங்க. செவ்வாக்கெழமயே காட்டினா, ஜீப்பு கேட்டேன், தரலைன்னு சொல்லுங்க. அது போதுங்க. உங்களையும் யாரும் தப்பா நெனக்கமாட்டாங்க. தப்பு அவங்க மேலதான்னு ஆயிரும்."

மெட்டில்டா அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "சொல்றேன்டி. சொல்லிடறேன்."

அன்று தெய்வம்மா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். புருஷனுக்கு ரொட்டியைத் தானே எடுத்து வைத்தாள். "நாளைக்கு நீங்களும் வரணும்" என்றாள். அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான்.

காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் மேஜை போட்டிருந்தார்கள். லேபர் ஆபீசரும் மேனேஜரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மெட்டில்டா சலவை மடிப்புச் சேலையோடு ஓரமாக நின்றார். பனி விலகி வெயில் ஏறியிருந்தது. சனம் முழுதும் தரையில் உட்கார்ந்திருந்தது. அழகர்சாமி பேசி முடித்துவிட்டுத் தெய்வம்மாவைக் கூப்பிட்டார்.

அவள் குழந்தையோடு எழுந்தாள்.  

"எம்புள்ள செவ்வாக்கெழமயே பச்சையா எடுத்துச்சுங்க. நான் அப்பவே ஆஸ்பத்திரியில காட்டினேன். சிஸ்டரம்மா ஜீப்பு கேட்டாங்க, மேனேஜர் தரலீங்க. அதனாலதான் புள்ளைக்குக் கொடல் போச்சு. ஆஸ்பத்திரி வேணுங்க. ஆனா ஜீப்பும் வேணுங்க. சிஸ்டரம்மாவையே கேளுங்க. அவங்க சொல்லுவாங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அழகர்சாமியின் முகம் இருண்டது. மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். லேபர் ஆபீசர் திரும்பினார்.

"சிஸ்டர், இந்தம்மா செவ்வாய்க்கிழமை வந்தாங்களா? நீங்க வண்டி கேட்டீங்களா?"

மெட்டில்டா தெய்வம்மாவைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த முற்றிப்போன செடிகளைப் பார்த்தார்.

"இல்லீங்க சார். வியாழக்கிழமைதான் வந்தாங்க. அன்னிக்குக் கேட்டேன், குடுத்தாங்க."

தெய்வம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். யாரோ பின்னாலிருந்து, "உக்காரு, நன்றி கெட்ட சென்மம்" என்றார்கள். "எங்க பொழப்பையும் சேத்துக் கெடுக்காத" என்று இன்னொரு குரல். அழகர்சாமி அவள் தோளைத் தொட்டு உட்கார வைக்கப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. கூட்டத்தின் நடுவே இருந்த அன்னக்கிளியைத் தேடிப் பார்த்தாள். அன்னக்கிளி தலையைக் குனிந்து தரையில் கிடந்த குச்சியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். களத்தின் ஓரத்தில் நின்ற சசிதரன் மனைவியின் பார்வை போன திசையில் பார்த்தான். அக்கா குனிந்திருப்பதையும் பார்த்தான்.

ஆஸ்பத்திரியை அதற்கு அடுத்த மாதமே மூடினார்கள். பிள்ளைக் காம்பராவும் போயிற்று. மெட்டில்டா குன்னூர்ப் பக்கம் அதே கம்பெனியின் வேறொரு எஸ்டேட்டுக்கு மாறிப் போனார். மேனேஜர் அந்த இடத்தைக் கூட்டத்துக்கு முன்பே அவருக்காகப் பேசி வைத்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. தெய்வம்மா வாய் திறந்ததால்தான் எல்லாம் போயிற்று என்று இன்றும் மூன்றாம் டிவிஷனில் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் அதெல்லாம் பிறகு. கூட்டம் முடிந்த அன்று மத்தியானம் மூன்று பேரும் தனித்தனியாக வீட்டுக்கு வந்தார்கள். அன்னக்கிளி முதலில் வந்து அடுப்பை மூட்டியிருந்தாள். தெய்வம்மா குழந்தையோடு சுவரோரம் உட்கார்ந்தாள். கடைசியாக வந்த சசிதரன் செருப்பைக் கழற்றாமல் அக்காவின் முன்னால் போய் நின்றான்.

"செவ்வாக்கெழம நீ இவகூட ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

அன்னக்கிளி ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "போனேன்."

"சிஸ்டர் பாத்துச்சா?"

"பாத்துச்சு. துணிய விரிச்சே பாத்துச்சு. போனும் பேசுச்சு."

அவன் அப்படியே குந்தினான். "இத்தன மாசமா ஒரே ஊட்டுக்குள்ள இருக்க. ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேட்டியாடா?" என்றாள் அன்னக்கிளி. புகையில் அவள் கண் சிவந்திருந்தது. "எம்பொழப்புக்குப் பயந்து நான் சொல்லல. அது என் தப்பு. நீ ஏன் கேக்கல? என்னக் கேக்கச் சொல்லி அவ எத்தன தடவ சொன்னா? ஒரு தடவ திரும்பி, அக்கா நெசமான்னு கேட்டிருந்தா ஒம்மூஞ்சியப் பாத்து நான் பொய் சொல்லியிருப்பனா?"

 அடுப்பில் ஈர விறகு சீறிக்கொண்டிருந்தது. சசிதரன் எழுந்து தெய்வம்மாவிடம் வந்தான். அவள் முன்னால் மண்டியிட்டான். உதடு கோணிக்கொண்டு வந்தது. "தெய்வம்" என்றான். குழந்தையை வாங்கக் கையை நீட்டினான். குழந்தை அவனைப் பார்த்துச் சிரித்துத் தாவியது.

தெய்வம்மா கொடுக்கவில்லை.

"புள்ளைக்குப் பசி" என்றாள். முந்தானையை இழுத்துக் குழந்தையின் தலையை மூடினாள். அவனுக்கும் அன்னக்கிளிக்கும் முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். நீட்டிய கையை மடக்காமல் அவன் அங்கேயே இருந்தான். குழந்தை குடித்து முடித்துத் தூங்கிய பிறகும் அவள் திரும்பவில்லை.